அமெரிக்க நடுத்தவணைத் தேர்தலைக் கணிப்பது எப்படி: இடக்கணக்கு, விலைவாசி, கட்சிப் பேச்சு – முழுமையான வழிகாட்டி

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். அமெரிக்க அதிபரின் நான்கு ஆண்டுப் பதவிக்காலத்தின் நடுவில் நாடாளுமன்றத்துக்கு நடக்கும் தேர்தலைத் தமிழில் பலர் 'இடைத்தேர்தல்' என்று எழுதுகிறார்கள். நமக்கு இடைத்தேர்தல் என்றால் ஓர் உறுப்பினர் இறந்தோ ராஜினாமா செய்தோ காலியான தொகுதியில் நடப்பது. இது வேறு. பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், செனட் சபையின் 100 இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும் ஒரே நாளில் நடக்கும் தேர்தல். நான் இதை 'நடுத்தவணைத் தேர்தல்' என்றே எழுதப் போகிறேன்.

2010 முதல் ஒவ்வொரு நடுத்தவணைத் தேர்தலையும் நோட்டுப் போட்டுப் பின்தொடர்ந்து வருகிறேன். இதைப் பற்றி எழுதத் தொடங்கும் இளைஞர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய கணிப்புகளையும் பார்த்திருக்கிறேன். தகவல் போதாமல் தவறுகிறவர்கள் குறைவு. வரிசை மாறித்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். காலையில் கேட்ட ஒரு பேச்சில் தொடங்கி, அதற்கு ஏற்ற பொருளாதார எண்ணைத் தேடி எடுத்து, கடைசியில்தான் இடங்களை எண்ணுகிறார்கள். கீழே உள்ள வரிசை அதற்கு நேர் எதிரானது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, அல்லது ஒரு எக்செல் தாள். ஒரு நாட்காட்டி. அதில் மூன்று தேதிகளைக் குறியுங்கள்: வேலைவாய்ப்பு அறிக்கை வரும் நாள் (பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளி), நுகர்வோர் விலைக் குறியீடு வரும் நாள் (மாதத்தின் நடுவில்), தேர்தல் நாள். 2026-ல் தேர்தல் நாள் நவம்பர் 3.

அப்புறம், இழுபறித் தொகுதிகளின் பட்டியல் ஒன்று. குக் பொலிட்டிகல் ரிப்போர்ட் போன்ற அமைப்புகள் எல்லாத் தொகுதிகளையும் உறுதி, வாய்ப்பு அதிகம், சற்றே சாய்வு, இழுபறி என்று தரம் பிரித்து வைத்திருக்கின்றன. 435 தொகுதிகளையும் படிக்க வேண்டாம். சாய்வும் இழுபறியும் மட்டும் போதும், மீதி எல்லாம் ஏறத்தாழ முடிந்த கதை.

1. எத்தனை இடங்கள் ஆபத்தில் இருக்கின்றன என்று எண்ணுங்கள்

பொருளாதாரம் எவ்வளவு மோசமாக இருந்தாலும், ஒரு கட்சி தன்னிடம் இல்லாத இடத்தை இழக்க முடியாது. முதல் படி இதுதான் என்பதற்கு அதுவே காரணம்.

2008-ல் ஒபாமாவோடு சேர்ந்து ஜனநாயகக் கட்சி 257 இடங்களைப் பிடித்தது. அவற்றில் பல, வழக்கமாகக் குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கும் கிராமப்புறத் தொகுதிகள். 2010-ல் அக்கட்சி 63 இடங்களை இழந்தது. 2020-ல் பைடன் வென்றபோது அதே கட்சிக்குக் கிடைத்தவை 222 இடங்கள்தான். 2022-ல் இழந்தவை 9. இரண்டு தேர்தல்களுக்கும் இடையிலான வேறுபாட்டில் ஒரு பெரும் பகுதியை, பொருளாதாரத்தைத் தொடுவதற்கு முன்பே இந்த எண்ணிக்கை விளக்கிவிடுகிறது.

தொகுதி எல்லைகளையும் இந்தப் படியிலேயே பாருங்கள். 2025-ல் டெக்சாஸ் குடியரசுக் கட்சிக்குச் சாதகமாகவும், கலிஃபோர்னியா ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமாகவும் எல்லைகளை மாற்றின. பழைய வரைபடத்தை வைத்துக் கணித்தால் அடுத்த எட்டுப் படிகளும் வீண்.

நோட்டில் எழுத வேண்டியது: அதிபர் கட்சியின் மொத்த இடங்கள், அவற்றில் இழுபறி எத்தனை, பெரும்பான்மைக்கான 218-லிருந்து எவ்வளவு தூரம். 2024 முடிவு: குடியரசுக் கட்சி 220, ஜனநாயகக் கட்சி 215. அதாவது மூன்று இடம் கைமாறினால் சபையே கைமாறும்.

2. அதிபரின் ஆதரவு விகிதத்தை எழுதுங்கள்

வாக்குச்சீட்டில் அதிபரின் பெயர் இருக்காது. ஆனாலும் வாக்காளர் பெரும்பாலும் அவரை மனதில் வைத்துத்தான் வாக்களிக்கிறார். அவர் மீதான கோபத்தைக் காட்ட அன்றைக்குக் கிடைக்கும் வழி, அவருடைய கட்சிக்காரரைத் தோற்கடிப்பதுதான்.

காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் பழைய கணக்கு ஒன்று இங்கே உதவும். ஆதரவு 50 சதவீதத்துக்குக் கீழே இருந்த அதிபர்களின் கட்சி சராசரியாக 37 இடங்களை இழந்திருக்கிறது. மேலே இருந்தால் 14. 1934-க்குப் பிறகு அதிபரின் கட்சி பிரதிநிதிகள் சபையில் கூடுதல் இடம் பெற்றவை இரண்டே தேர்தல்கள்: 1998, 2002. 1998-ல் கிளின்டனின் ஆதரவு 66 சதவீதம், 2002-ல் இளைய புஷ்ஷின் ஆதரவு 63.

புதியவர்கள் செய்யும் தவறு, ஒரே ஒரு கருத்துக்கணிப்பை எடுத்துக்கொள்வது. அதுவும் அந்த வாரத்தில் பரபரப்பாகப் பேசப்பட்டதை. குறைந்தது நான்கைந்தின் சராசரியை, மாதத்துக்கு ஒரு முறை எழுதுங்கள். எண்ணைவிட அது எந்தத் திசையில் நகர்கிறது என்பது முக்கியம்.

3. பொருளாதாரத்தை வாக்காளரின் பையிலிருந்து பாருங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். தடுக்கி விழுகிறவர்களும் இங்கேதான் அதிகம்.

மொத்த உள்நாட்டு உற்பத்தியில் தொடங்காதீர்கள். பங்குச் சந்தையில் தொடங்கவே தொடங்காதீர்கள். வாக்காளர் வாரத்தில் பல முறை நேருக்கு நேர் பார்க்கும் விலைகளில் தொடங்குங்கள்: பெட்ரோல், மளிகை, வாடகை, மின்கட்டணம், மருத்துவக் காப்பீட்டுத் தவணை. அமெரிக்காவில் பெட்ரோல் விலை சாலையோரப் பலகையில் ஆள் உயர எழுத்தில் நிற்கிறது. வண்டியில் போகிறவர் நிறுத்தாமலே படித்துவிட்டுப் போகிறார். 2022 ஜூனில் அந்தப் பலகை தேசிய சராசரியாக ஒரு காலனுக்கு 5 டாலரைத் தாண்டியது. அதே மாதம் பணவீக்கம் 9.1 சதவீதம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நுகர்வோர் மனநிலைக் குறியீடு அதுவரை காணாத 50-க்கு இறங்கியது. அப்போது வேலையின்மை வெறும் 3.6 சதவீதம்தான். வேலை இருந்தது, ஆனால் சம்பளம் மாதக் கடைசி வரை தாங்கவில்லை.

வேலையின்மையை விட விலைவாசி பரவலாகக் கடிப்பதன் காரணம் எளிது. வேலையின்மை 5-லிருந்து 8-க்கு ஏறினால் நூறில் மூன்று பேருக்கு வேலை போகிறது, மற்றவர்களுக்குப் பயம் வருகிறது. விலை ஏறினால் நூறு பேரும் கடையில் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

இனி மிக முக்கியமான வேறுபாடு. பணவீக்கம் குறைவது வேறு, விலை குறைவது வேறு. சென்ற ஆண்டு 100 டாலருக்கு வாங்கிய சாமான் இந்த ஆண்டு 108 ஆகிறது. பணவீக்கம் 8 சதவீதம். அடுத்த ஆண்டு அது 111 ஆகிறது. பணவீக்கம் 3 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது என்று அரசு அறிவிக்கும். கடைக்காரர் கேட்பது 111. வாக்காளர் மனதில் இருக்கும் பழைய விலை 100. அவர் ஒப்பிடுவது அந்த நூறோடுதான். 'பணவீக்கம் குறைந்துவிட்டது, ஆகவே ஆளுங்கட்சிக்கு நல்லது' என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

அதற்காகப் பொருளாதாரம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றும் நினைத்துவிடாதீர்கள். 2018-ல் வேலையின்மை 3.7 சதவீதம், ஏறத்தாழ 50 ஆண்டுகளில் மிகக் குறைவு. ஆனாலும் ஆளுங்கட்சியான குடியரசுக் கட்சி 40 இடங்களை இழந்தது. 2006-ல் வேலையின்மை 4.4 சதவீதம். ஈராக் போர் முன்னால் நின்றது, ஆளுங்கட்சி இரு சபைகளையும் இழந்தது. கெட்ட பொருளாதாரம் ஆளுங்கட்சியை அடிப்பதைப் போல நல்ல பொருளாதாரம் அதைக் காப்பாற்றுவதில்லை. வலி இருந்தால் மக்கள் அதைப் பற்றி வாக்களிக்கிறார்கள், வலி இல்லாவிட்டால் வேறொன்றைப் பற்றி வாக்களிக்கப் போய்விடுகிறார்கள்.

4. எந்த மாதத்து எண் என்று பாருங்கள்

தேர்தலுக்கு முந்தைய வாரம் வரும் நல்ல எண் பெரும்பாலும் பயன்படாது. மக்கள் தங்கள் மனதை அதற்கு வெகு முன்பே அமைத்துக்கொள்கிறார்கள். முன்கூட்டியே வாக்களிக்கிறவர்கள் வாக்கையே போட்டு முடித்திருப்பார்கள்.

2014 நவம்பர் தொடக்கத்தில் பெட்ரோல் சராசரி விலை, நான்கு ஆண்டுகளில் முதல் முறையாக 3 டாலருக்குக் கீழே இறங்கியது. வேலையின்மை 6 சதவீதத்துக்கும் கீழே. அந்த வாரம் நடந்த தேர்தலில் அதிபர் ஒபாமாவின் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 13 இடங்களையும் செனட்டில் 9 இடங்களையும் இழந்தது.

வெளியீட்டுத் தேதியையும் எண் குறிக்கும் மாதத்தையும் குழப்பாதீர்கள். 2022 தேர்தல் நவம்பர் 8-ல் நடந்தது. வாக்காளர் செய்தியில் கடைசியாகக் கேட்டது அக்டோபர் 13-ல் வந்த செப்டம்பர் மாத எண்: 8.2 சதவீதம். அக்டோபருக்கான 7.7, தேர்தல் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. அதை வைத்து 'விலை தணிந்ததால் ஆளுங்கட்சி தப்பியது' என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். சில நேரம் எண்ணே வராது: 2025 அக்டோபர், நவம்பரில் அரசு அலுவலகங்கள் 43 நாள் முடங்கியதால் அக்டோபர் மாத விலைக் குறியீடு வெளியாகவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள், ஊகத்தால் நிரப்பாதீர்கள்.

நான் வைத்துக்கொள்ளும் வழக்கம் இது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதங்களே முதன்மை. அக்டோபரை ஓரத்தில் பென்சிலால் எழுதுவேன்.

5. பழி யார் மீது விழுகிறது என்று கேளுங்கள்

வலி இருப்பது ஒன்று, அதற்குக் காரணம் யார் என்று மக்கள் நம்புவது இன்னொன்று. இரண்டாவதை அளக்காமல் முதலாவதை வாக்காக மாற்ற முடியாது.

கட்சிப் பற்று இங்கே கண்ணாடியின் நிறத்தை மாற்றுகிறது. 2016, 2020, 2024 என்று ஒவ்வொரு அதிபர் தேர்தலுக்குப் பிறகும், தோற்ற கட்சியின் ஆதரவாளர்கள் பொருளாதாரம் கெட்டுவிட்டதாகவும் வென்ற கட்சியினர் சீராகிவிட்டதாகவும் சொல்லத் தொடங்கினார்கள். கடை விலை சில வாரங்களில் மாறிவிடவில்லை. ஆகவே மொத்த மனநிலை எண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். எந்தக் கட்சியையும் சாராதவர்களின் எண்ணைத் தனியாக எடுங்கள். இழுபறித் தொகுதியை நகர்த்துவது அவர்கள்தான்.

6. கட்சிப் பேச்சைப் பிரித்து வாசியுங்கள்

இப்போதுதான் பேச்சுக்கு வருகிறோம். ஒவ்வொரு கட்சியின் முக்கிய விளம்பரங்களையும் எடுத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். வாக்காளர் ஏற்கெனவே தன் வீட்டில் சொல்லும் சொல்லில் இது இருக்கிறதா? குற்றவாளி யார் என்று சொல்கிறதா? சொல்கிறவர் அதைச் சொல்லத் தகுந்தவரா?

மூன்றுக்கும் ஆம் என்று விடை வரும் பழைய உதாரணம் 1946. போர்க்கால விலைக் கட்டுப்பாட்டைச் சுற்றிய இழுபறியில் கால்நடை வளர்ப்போர் மாடுகளைச் சந்தைக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள். கசாப்புக் கடைகள் காலியாகிக் கிடந்தன. அதிபர் ட்ரூமன் அக்டோபர் நடுவில் இறைச்சி மீதான கட்டுப்பாட்டை நீக்கினார். குடியரசுக் கட்சி அந்த ஆண்டு கேட்டது ஒரே கேள்வி: 'பட்டது போதுமா?' விளக்கம் எதுவும் இல்லை, திட்டம் எதுவும் இல்லை. காலிக் கடை முன் நின்றவருக்கு விளக்கம் தேவைப்படவும் இல்லை. இரு சபைகளும் அவர்கள் கைக்குப் போயின.

நேர் எதிரான உதாரணம் 1974. பணவீக்கம் 12 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அதிபர் ஃபோர்டு அக்டோபர் 8-ல் 'பணவீக்கத்தை விரட்டுவோம்' என்ற இயக்கத்தை அறிவித்தார். சிவப்பு வில்லைகளைச் சட்டையில் குத்திக்கொண்டு சிக்கனமாக வாழும்படி மக்களைக் கேட்டார்கள். ஏற்கெனவே சிக்கனத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தவரிடம் அதைக் கேட்டதுதான் கோளாறு. வாட்டர்கேட் முறைகேட்டின் மீதான கோபமும், அதனால் பதவி விலகிய முந்தைய அதிபர் நிக்சனுக்கு ஃபோர்டு கொடுத்த மன்னிப்பும் சேர்ந்துகொள்ள, அவர்களுடைய குடியரசுக் கட்சி ஏறக்குறைய 50 இடங்களை இழந்தது.

ஆளுங்கட்சிக்குக் கையில் இருக்கும் பேச்சுகள் மூன்றுதான். 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்பது முதலாவது. வலி இருக்கும்போது இதைவிட மோசமான பேச்சு கிடையாது. 2021-ல் விலை ஏற்றம் தற்காலிகம்தான் என்று பைடன் நிர்வாகம் சொன்னது அடுத்த ஆண்டு முழுவதும் அவர்களைத் துரத்தியது. 2025 டிசம்பரில் 'கட்டுப்படியாகும் விலை' என்ற பேச்சே எதிர்க்கட்சியின் ஏமாற்று என்று அதிபர் டிரம்ப் சொன்னதும் இதே வகை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் நியூ ஜெர்சி, வர்ஜீனியா ஆளுநர் தேர்தல்களிலும் நியூயார்க் மேயர் தேர்தலிலும் வாழ்க்கைச் செலவை முன்வைத்த ஜனநாயகக் கட்சியினர் வென்றிருந்தார்கள்.

'பழைய ஆட்சிதான் காரணம்' என்பது இரண்டாவது. 2010-ல் ஒபாமா இதைத்தான் ஊர் ஊராகச் சொன்னார்: காரைப் பள்ளத்தில் இறக்கியவர்கள் இப்போது சாவியைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்று. நல்ல உவமை, கூட்டத்தில் கைதட்டும் கிடைத்தது. வேலையின்மை 9 சதவீதத்துக்கு மேல் இருந்தது. எதிர்த்தரப்பில், பிரதிநிதிகள் சபையின் குடியரசுக் கட்சித் தலைவர் போய்னர் 'வேலை எங்கே?' என்று மட்டும் கேட்டார்.

மூன்றாவது, வலியை ஒப்புக்கொண்டு அவகாசம் கேட்பது. 1982-ல் வேலையின்மை 10 சதவீதத்தைத் தாண்டியபோது ரீகன் 'பாதையை விட்டு விலகாதீர்கள்' என்றார். 26 இடங்கள் போயின, ஆனால் செனட் கையில் நின்றது. மூன்றில் இதுவே சேதத்தைக் குறைக்கும் என்பது என் கணிப்பு.

பேசும் ஆளையும் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். 2022-ல் பென்சில்வேனியாவின் குடியரசுக் கட்சி செனட் வேட்பாளர் மெஹ்மத் ஓஸின் காணொளியை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். கடையில் நிற்கிறார். புரோக்கோலி, அஸ்பாரகஸ், கேரட் என்று கையில் அடுக்குகிறார். மனைவிக்குக் 'க்ரூடிட்டே' செய்ய வேண்டுமாம், 20 டாலர் ஆகிவிட்டது, பைடன்தான் காரணம் என்கிறார். கடையின் பெயரையும் தவறாகச் சொல்கிறார். விலை ஏறியிருந்தது உண்மை. பழியும் சரியான ஆளின் மீதுதான் போடப்பட்டது. ஆனால் அந்த ஊரில் அதை யாரும் அந்தப் பிரெஞ்சுப் பெயரால் அழைப்பதில்லை, அது காய்கறித் தட்டு. எதிர்த்து நின்ற ஃபெட்டர்மன் அந்த ஒரு சொல்லையே பிடித்துக்கொண்டார். அதை வைத்து ஒரே நாளில் 5 லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை வந்ததாக அவருடைய தரப்பு சொன்னது. அந்த இடம் ஜனநாயகக் கட்சிக்குப் போனது. மூன்று கேள்விகளில் ஒன்று மட்டும் சரியாக இருந்தால் என்ன ஆகும் என்பதைப் புதியவர்களுக்கு நான் இதை வைத்துத்தான் காட்டுகிறேன்.

7. பொருளாதாரத்தோடு போட்டி போடும் விஷயம் எது என்று தேடுங்கள்

2018-ல் பொருளாதாரம் நன்றாக இருந்தும் டிரம்ப் எல்லையை நோக்கி வரும் குடியேறிகளைப் பற்றியே பேசினார். ஜனநாயகக் கட்சியினர் ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கான காப்பீட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார்கள். அதுவும் பணப் பேச்சுதான். மருத்துவமனை பில்லைவிடப் பெரிய பில் ஒரு அமெரிக்கக் குடும்பத்துக்கு அபூர்வம்.

2022 ஜூன் 24-ல் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்புக்கான அரசியல் சாசன உரிமையை நீக்கியது. ஆகஸ்ட் 2-ல், குடியரசுக் கட்சியின் கோட்டையான கான்சஸில், கருக்கலைப்பு உரிமையைப் பறிக்கும் திருத்தத்தை 59 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். அன்றே நோட்டைத் திருத்தியிருக்க வேண்டும். பலர் திருத்தவில்லை. தேர்தலில் வாக்களித்தவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் பணவீக்கமே முக்கியம் என்றவர்கள் 31 சதவீதம், கருக்கலைப்பு என்றவர்கள் 27.

நாடு முழுவதும் ஏறத்தாழ அதே விலைவாசி, ஆனால் ஒரே முடிவு வரவில்லை. மிச்சிகனில் கருக்கலைப்பு உரிமை வாக்குச்சீட்டிலேயே இருந்தது. ஆளுநர் பதவியோடு மாநிலத்தின் இரு அவைகளும் ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பின் ஜனநாயகக் கட்சியிடம் சேர்ந்தன. நியூயார்க்கில் அந்த உரிமைக்கு ஆபத்து இல்லை என்று மக்கள் நினைத்தார்கள். அங்கே குடியரசுக் கட்சி குற்றச்செயல்களைப் பற்றிப் பேசி, பிரதிநிதிகள் சபையில் தன் இடங்களை 8-லிருந்து 11 ஆக்கியது. ஆகவே இந்தப் படியை மாநிலவாரியாகச் செய்யுங்கள். நாடு முழுவதற்கும் ஒரே வரி எழுதினால் தவறாகத்தான் முடியும்.

8. யார் வாக்களிக்க வருகிறார்கள், செனட் எங்கே நிற்கிறது

தகுதியுள்ளவர்களில் 2014-ல் வாக்களித்தவர்கள் சுமார் 37 சதவீதம், 2018-ல் சுமார் 50. வராதவரின் கருத்துக்கு அன்று மதிப்பில்லை. 'பதிவு செய்த வாக்காளர்கள்' எண்ணை விட்டு 'வாக்களிக்கக் கூடியவர்கள்' எண்ணுக்கு செப்டம்பரிலேயே மாறிவிடுங்கள்.

செனட்டைத் தனித் தாளில் எழுதுங்கள். எந்த மாநிலங்கள் அந்த ஆண்டு வருகின்றன என்பதே பாதி விடை. 2018-ல் பிரதிநிதிகள் சபையில் 40 இடம் இழந்த அதே நாளில் குடியரசுக் கட்சி செனட்டில் 2 இடம் கூடுதலாகப் பெற்றது. டிரம்ப் வென்ற பத்து மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி தன் இடங்களைக் காக்க வேண்டியிருந்ததுதான் காரணம்.

9. கணிப்பை எழுதிப் பூட்டுங்கள்

ஒற்றை எண்ணாக எழுதாதீர்கள். 'ஆளுங்கட்சி 10 முதல் 25 இடம் வரை இழக்கும்' என்பதைப் போல வரம்பாக எழுதி, பக்கத்தில் ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி காரணம் எழுதுங்கள். 2022-க்கு அது இப்படி இருந்திருக்கும்: 'இடங்கள் 222, இழக்க அதிகம் இல்லை. ஆதரவு 40, மிக மோசம். விலை ஜூனில் உச்சம், பழி அதிபர் மீது. எதிர்க்கட்சிப் பேச்சு வலுவானது, பேசும் ஆட்கள் சில மாநிலங்களில் பலவீனம். கருக்கலைப்பு போட்டி விஷயம், மாநிலத்துக்கு மாநிலம் வேறு.' ஆதரவையும் விலையையும் மட்டும் எழுதியவர்கள் 30, 40 இடம் என்றார்கள். முதல் வரியையும் கடைசி இரண்டு வரிகளையும் விட்டதால் வந்த பிழை அது.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு தாளை மடித்துத் தேதியிட்டு வைத்துவிடுங்கள். கடைசி வாரப் பரபரப்பில் திருத்த வேண்டாம். முடிவு வந்ததும், இழுபறியாக இருந்த பத்துத் தொகுதிகளை எடுத்து, எந்தப் படியில் உங்கள் வரி பிசகியது என்று சிவப்பு மையில் குறியுங்கள். கலிஃபோர்னியாவில் தபால் வாக்குகள் எண்ணி முடியச் சில வாரம் ஆகும். அதுவரை அந்த மாநிலத் தொகுதிகளில் பேனாவை வைக்காதீர்கள்.